பீட்டர் செல்லர்ஸ்: எந்தப் படத்தில் தொடங்குவது, எதை வைத்து அளப்பது?

பீட்டர் செல்லர்ஸ் 1980 ஜூலை 24 அன்று லண்டனில் மாரடைப்பால் இறந்தார். வயது 54. அவருடைய ரசிகர்களிடையே இரண்டு வழக்குகள் இன்னும் தீரவில்லை. அவருடைய ஆகச்சிறந்த வேலை எது என்பது ஒன்று. அவர் நடிகரா, கெட்டிக்கார மிமிக்ரி கலைஞரா என்பது இன்னொன்று. இரண்டும் பின்னிக் கிடப்பவை. ‘பிங்க் பேந்தர்’ என்று சொல்பவர் அவரைச் சிரிக்க வைப்பவராகப் பார்க்கிறார். ‘பீயிங் தேர்’ என்று சொல்பவர், வேடிக்கையை விட்டு வெளியே வந்தபிறகுதான் அவர் நடிகரானார் என்று நினைக்கிறார். இரண்டு பேருமே முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

செல்லர்ஸை இதுவரை பார்க்காதவர்களும், ‘பிங்க் பேந்தர்’ வரிசையின் தடுமாறும் போலீஸ் அதிகாரி க்ளூஸோவாக அவர் வரும் ஒரு படம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்களும் அடுத்து எதை எடுப்பது என்று முடிவெடுக்க இந்த ஒப்பீடு உதவும். போட்டியில் உண்மையாக நிற்பவை ஐந்து படங்கள்: ‘ஐம் ஆல் ரைட் ஜாக்’ (1959), ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964), ‘எ ஷாட் இன் த டார்க்’ (1964), ‘த பார்ட்டி’ (1968), ‘பீயிங் தேர்’ (1979). இவற்றுக்கு அடித்தளமாக ஒரு வானொலி நிகழ்ச்சியும் உண்டு.

முதலில் அந்த மிமிக்ரி குற்றச்சாட்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மேடைக் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்தவர் செல்லர்ஸ். போர்க்காலத்தில் ராயல் ஏர் ஃபோர்ஸில் சேர்ந்து, ரால்ஃப் ரீடரின் கேங் ஷோ குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா என்று படைவீரர்களுக்கு நிகழ்ச்சி நடத்தினார். போர் முடிந்ததும் வாய்ப்பு கேட்டு பி.பி.சி.யின் கதவைத் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. 1948-இல் தயாரிப்பாளர் ராய் ஸ்பியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனது. அந்நாளில் புகழ்பெற்றிருந்த வானொலி நட்சத்திரம் கென்னத் ஹார்ன் பேசினார், “செல்லர்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், விட்டுவிடாதீர்கள்” என்று சிபாரிசு செய்தார். பேசியது செல்லர்ஸேதான். உண்மையைச் சொன்னதும் ஸ்பியர் முதலில் திட்டினார், பிறகு வாய்ப்புக் கொடுத்தார்.

1951 முதல் 1960 வரை பி.பி.சி.யில் ஓடிய ‘கூன் ஷோ’ அந்தத் தொண்டைக்குத் தீனி போட்டது. ஸ்பைக் மில்லிகன் எழுத, ஹாரி செகோம்ப் நடுநாயகமாக நிற்க, செல்லர்ஸ் ஒரே அரைமணி நேரத்தில் ஐந்தாறு பேராக மாறுவார். பொடிப்பயல் புளூபாட்டில், வயிற்றுக்கோளாறு பிடித்த கோழை மேஜர் பிளட்நாக், தள்ளாடும் கிழவர் ஹென்றி க்ரன், வழுக்கிப் பேசும் மோசக்காரர் க்ரிட்பைப்-தைன் என்று எல்லாம் அவர்தான். இந்தியக் குரல்களும் உண்டு. மில்லிகன் அகமது நகரில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர் என்பதால் அந்த உச்சரிப்புகள் அவர்கள் இருவருக்கும் பழக்கம். ஒரு பாத்திரத்தை எடுத்தால் முதலில் குரலைப் பிடிப்பேன், மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும் என்று செல்லர்ஸே சொல்லியிருக்கிறார். 1978-இல் மப்பெட் ஷோ என்ற பொம்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், “இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்கலாம்” என்று கெர்மிட் தவளை சொன்னபோது, “நான் என்று ஒருவன் இருந்தான், அறுவைச் சிகிச்சை செய்து எடுத்துவிட்டேன்” என்று பதில் சொன்னார். உள்ளே ஆள் இல்லை, அதனால் நடிப்பும் இல்லை என்று வாதாடுகிறவர்கள் இந்த வரியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

அந்த வாதம் நிற்காது. மிமிக்ரி கலைஞரின் திறமை அவர் பேசும்போது தெரியும். எதிராளி பேசும்போது அவர் தன் முறைக்காகக் காத்திருப்பார். நடிகருக்கு எதிராளி பேசும் நேரத்தில்தான் வேலை அதிகம். ஆகவே செல்லர்ஸை அளக்க வேண்டுமென்றால் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் மேலே சொன்ன ஐந்து படங்களின் வரிசையே மாறிவிடுகிறது.

‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ பற்றிப் பேசும் யாரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த விஞ்ஞானியைப் பற்றித்தான் பேசுவார்கள். கறுப்புக் கையுறை போட்ட வலது கை தானாக எழுந்து நாஜி வணக்கம் வைப்பது, அதை இடது கையால் அடித்து அடக்குவது, கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பது எல்லாம் கண்ணில் நிற்கும் காட்சிகள். அந்தக் கையுறை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடையது. குரல், படப்பிடிப்புக்குப் புகைப்படம் எடுக்க வந்திருந்த வீஜீயின் உச்சரிப்பிலிருந்து எடுத்தது. அந்தக் காட்சியில் ரஷ்யத் தூதராக நிற்கும் பீட்டர் புல்லின் முகத்தைக் கவனியுங்கள். சிரிப்பை அடக்க முடியாமல் உதடு துடிப்பது படத்திலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் ஸ்ட்ரேஞ்ச்லவ் படத்தின் பிற்பாதியில்தான் வாய் திறக்கிறார். அவருக்கான நேரமும் குறைவு. அது ஓர் அற்புதமான வாணவேடிக்கை. செல்லர்ஸுக்கு இந்தப் படத்தில் மூன்று வேடம்; நடிப்பின் கனம் இருப்பது மற்ற இரண்டில்.

ஜனாதிபதி மெர்கின் மஃப்லியை எடுத்துக்கொள்வோம். வழுக்கைத் தலை, கண்ணாடி, மத்திய மேற்கு அமெரிக்காவின் தட்டையான குரல். ஆரம்பத்தில் இந்த ஜனாதிபதிக்குக் கடும் ஜலதோஷம் என்று வைத்து, மூக்கில் இன்ஹேலரை உறிஞ்சியபடி செல்லர்ஸ் நடித்தார். படப்பிடிப்புக் குழு விழுந்து விழுந்து சிரித்தது. இந்த அறையில் ஒருவராவது புத்தி தெளிந்தவராக இருக்க வேண்டும் என்று குப்ரிக் அதை நிறுத்தச் சொன்னார். வேடிக்கையை எடுத்துவிட்டால் செல்லர்ஸிடம் என்ன மிஞ்சும்? அதற்குப் பதில்தான் சோவியத் பிரதமர் டிமித்ரியுடன் அவர் பேசும் தொலைபேசிக் காட்சி.

மறுமுனையின் குரல் நமக்குக் கேட்காது. டிமித்ரி குடித்திருக்கிறார் என்பது, இசைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மஃப்லி நயமாகக் கேட்கும் விதத்தில் தெரிகிறது. அணுகுண்டு விஷயத்தில் ஏதாவது தப்பு நடக்கலாம் என்று நாம் எப்போதும் பேசிக்கொள்வோமே என்று, கைமாற்று வாங்கியதை நினைவுபடுத்தக் கூச்சப்படுகிறவர் போலத் தொடங்குகிறார். இடைவெளி. டிமித்ரி கோபித்துக்கொள்கிறார். இந்தச் சங்கடத்தில் யாருக்கு அதிக வருத்தம் என்று இரண்டு வல்லரசுத் தலைவர்களும் போட்டி போடுகிறார்கள். அந்த இடைவெளிகளின் நீளத்தைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் வேறு நீளம். ஒன்றில் டிமித்ரி இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார், அடுத்ததில் ஒரு பத்தி பேசியிருப்பார் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஒரு முறை ஒலியோடும் ஒரு முறை ஒலியில்லாமலும் இதைப் பாருங்கள். ஒலியை நிறுத்தினாலும் புருவமும் தாடையும் மறுமுனைக்காரர் சொல்வதை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்பது வருட வானொலி அனுபவம் இங்கே கேட்கும் கலையாக மாறியிருக்கிறது.

மூன்றாவது வேடம் க்ரூப் கேப்டன் லயனல் மேண்ட்ரேக். மூன்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. செல்லர்ஸின் ஒட்டுமொத்த வாழ்க்கையிலும் ஆகச்சிறந்த நடிப்பு இதுதான் என்று சொல்வேன். ஸ்டெர்லிங் ஹேடன் நடித்த ஜெனரல் ரிப்பர், சோவியத் மீது அணுகுண்டு வீச உத்தரவு போட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொள்கிறார். உள்ளே மாட்டிக்கொண்டவர் மேண்ட்ரேக். தண்ணீரில் ஃபுளோரைடு கலப்பது கம்யூனிஸ்ட்டுகளின் சதி, நம் உடலின் திரவங்களை அவர்கள் கெடுக்கிறார்கள் என்று ரிப்பர் சுருட்டைக் கடித்தபடி விளக்குகிறார். இந்த ஆள் பைத்தியம் என்பது மேண்ட்ரேக்குக்குப் புரிந்துவிட்டது. குண்டுவிமானங்களைத் திரும்ப அழைக்கும் குறியீட்டு எழுத்துகள் இந்தப் பைத்தியத்திடம் மட்டுமே இருக்கின்றன. ஆகவே கோபப்படவும் முடியாது, பயத்தைக் காட்டவும் முடியாது.

இங்கே செல்லர்ஸ் செய்வது இதுதான். பாதிச் சிரிப்பு ஒன்று சிரிக்கிறார். தொண்டையில் தொடங்கி உதட்டுக்கு வருவதற்குள் செத்துப்போகிற சிரிப்பு. “ஜாக், நீங்கள் முதலில் எப்போது...” என்று தொடங்கி, ‘பைத்தியமானீர்கள்’ என்று வரவேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை விழுங்கி, “...இந்தக் கோட்பாட்டுக்கு வந்தீர்கள்?” என்று முடிக்கிறார். விழுங்கிய சொல் நமக்குக் கேட்கிறது. ரிப்பருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நமக்குப் பதைக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரியின் குரல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விமானப்படையில் மெஸ்ஸில் கேட்டுக் கேட்டுப் பதிந்தது. அந்தக் குரலுக்குள்ளே மரியாதையும் பயமும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பதைக் காட்டியது மிமிக்ரியில் வராது. பிறகு பொதுத் தொலைபேசியிலிருந்து ஜனாதிபதியைக் கூப்பிட இருபது சென்ட் குறைந்து, கொக்கோ கோலா இயந்திரத்தைச் சுட்டு உடைத்துச் சில்லறை எடுக்கச் சொல்லும் காட்சி வருகிறது. உலகம் அழிய நிமிடங்களே இருக்கும்போது கெஞ்சும் குரலில் தொலைபேசி ஆப்பரேட்டரிடம் பேசுகிறார். அந்த நேரத்திலும் மரியாதை விட்டுப்போகவில்லை, அதுதான் மேண்ட்ரேக்.

நான்காவதாக விமானி மேஜர் காங் வேடமும் அவருக்கே தரப்பட்டது. டெக்சஸ் உச்சரிப்பு பிடிபடவில்லை என்று தயங்கினார்; பிறகு கணுக்காலிலும் அடிபட்டது. ஸ்லிம் பிக்கன்ஸ் வந்தார். நல்லதாகவே போயிற்று. செல்லர்ஸுக்குக் கிடைத்த சம்பளம் பத்து லட்சம் டாலர், படச்செலவில் பாதிக்கு மேல். ஆஸ்கர் சிறந்த நடிகர் பரிந்துரை கிடைத்தது. விருது ரெக்ஸ் ஹாரிசனுக்குப் போனது.

ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செல்லர்ஸ் ஒரு காட்சியில் உச்சத்தைத் தொட்டால் அதையே மறுபடி தரமாட்டார், தரமுடியாது. குப்ரிக் இதை ‘லோலிட்டா’ (1962) எடுத்தபோதே கண்டுகொண்டார். அதனால் முடிந்த இடங்களில் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டு, அவர் அந்த நேரத்தில் தோன்றியதைச் சேர்த்துப் பேசுவதை எல்லாக் கோணத்திலும் பிடித்துக்கொண்டார். மற்ற இயக்குநர்கள் அருகாமைக் காட்சிக்காக மறுபடி செய்யச் சொல்லும்போது கிடைத்தது ஆறிப்போன பிரதிதான். பல செல்லர்ஸ் படங்கள் இடையிடையே உயிரிழந்து நிற்பதற்கு இது பெரிய காரணம்.

அடுத்து ‘ஐம் ஆல் ரைட் ஜாக்’. பிரிட்டனுக்கு வெளியே இதை அதிகம் பேர் பார்ப்பதில்லை. அது பெரிய இழப்பு. பௌல்டிங் சகோதரர்களின் படம். ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் தொழிற்சங்கத் தலைவர் ஃப்ரெட் கைட்டாக செல்லர்ஸ். ஒட்ட வெட்டிய முடி, குறுக்கு மீசை, ஒரு சுற்றுச் சிறியதாகத் தைத்த கோட். மேலாளர் அறைக்குள் தன் குழுவினரை வரிசையாக இழுத்துக்கொண்டு நுழையும் நடையே ஒரு அத்தியாயம். செல்லர்ஸ் இந்த வேடத்தை முதலில் ஏற்கத் தயங்கினார். கைட் பேசுவதில் ஒரு நகைச்சுவை வரியும் இல்லையே என்பது அவர் குறை. அந்தக் குறைதான் படத்தின் பலம். கைட்டுக்குத் தான் வேடிக்கையானவர் என்று தெரியாது. செல்லர்ஸும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படம் எடுத்தபோது அவருக்கு வயது 33. நடுவயதைத் தாண்டிய ஆலைத் தொழிலாளி என்பதில் ஒரு நொடியும் சந்தேகம் வராது.

கவனிக்க வேண்டிய காட்சி, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த புதுத் தொழிலாளி ஸ்டான்லியிடம் கைட் பேசும் இடம். தானும் 1946-இல் பேலியல் கல்லூரியின் கோடைப் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார். மாலைத் தேநீரோடு தரும் டோஸ்ட்டும் ஜாமும் ரொம்ப நன்றாக இருக்கும் என்று சேர்த்துக்கொள்கிறார். அந்த ஒரு வரியில் படிப்பின் மீது அவருக்கிருக்கும் ஏக்கமும், அது தனக்குக் கிடைக்காமல் போன வலியும், எதிரே இருக்கும் பணக்காரப் பையனைப் பார்த்து வரும் பெருமிதமும் இருக்கின்றன. ரஷ்யாவைப் பற்றிச் சொல்லும்போது பகலில் பரந்த கோதுமை வயல், மாலையில் பாலே நடனம் என்று கண் தூரத்தில் நிலைக்கிறது. சிரிப்பு வருகிறது, கூடவே அந்த மனிதர் மீது பிரியமும் வருகிறது. படத்தின் அரசியல் தொழிற்சங்கத்துக்கு நியாயம் செய்யவில்லை என்பவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் கதை எழுதியவர்களின் கேலியிலிருந்து கைட்டைக் காப்பாற்றியவர் செல்லர்ஸ்தான். சிறந்த பிரிட்டிஷ் நடிகருக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

இதில் புதிய பார்வையாளருக்கு வரும் சிக்கல் மொழி. கைட் படித்த மனிதரைப் போலப் பேச முயல்பவர். அலுவலகக் கடித நடையில் பெரிய பெரிய சொற்களை அடுக்குவார், இலக்கணம் நடுவில் கவிழ்ந்துவிடும். ஆங்கில வசனவரி போட்டுப் பார்த்தால் பாதி நகைச்சுவை எழுத்தில்தான் பிடிபடும். கதை நடக்கும் காலத்து பிரிட்டனில் தொழிற்சங்கங்கள் எவ்வளவு பலமாக இருந்தன என்ற ஞாபகம் மட்டும் இருந்தால் போதும்.

இப்போது க்ளூஸோ. தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தவறும் இடம் இது. பெயரைப் பார்த்து 1963-இல் வந்த ‘த பிங்க் பேந்தர்’ முதல் படத்தைப் போடுகிறார்கள். அதில் நாயகன் டேவிட் நிவன். க்ளூஸோ வேடம் பீட்டர் உஸ்தினோவுக்காக எழுதியது. அவர் கடைசி நேரத்தில் விலகியதால் செல்லர்ஸ் உள்ளே வந்தார். வந்தவர் முழுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றாலும், அவர் இல்லாத காட்சிகள் மந்தமாக நகர்கின்றன. அதை விட்டுவிட்டு நேராக ‘எ ஷாட் இன் த டார்க்’ போடுங்கள். சுமார் 102 நிமிடம். மூலமான மேடை நாடகத்தில் க்ளூஸோ என்ற ஆளே கிடையாது. இயக்குநர் ப்ளேக் எட்வர்ட்ஸும் வில்லியம் பீட்டர் ப்ளாட்டியும் அதைப் பிரித்துப் போட்டு க்ளூஸோவுக்காகத் தைத்தார்கள். மேலதிகாரி ட்ரேஃபஸாக ஹெர்பர்ட் லோமும், பதுங்கியிருந்து பாயும் வேலைக்காரர் கேட்டோவாக பர்ட் க்வோக்கும் இந்தப் படத்தில்தான் அறிமுகம்.

பில்லியர்ட்ஸ் காட்சியைப் பாருங்கள். ஜார்ஜ் சாண்டர்ஸ் நடித்த பணக்காரர் பாலோனோடு பேசியபடியே க்ளூஸோ விளையாடுகிறார். மேசையின் பச்சைத் துணியைக் கிழிக்கிறார். பிறகு குச்சியை அதன் சட்டத்தில் திரும்ப வைக்கப் பார்க்கிறார், வைக்க முடியவில்லை, மற்றக் குச்சிகளும் சரிகின்றன. இவ்வளவும் நடக்கும்போது முகம் விசாரணையில் மட்டுமே இருக்கிறது. கைகளுக்கு நேர்வதை முகம் ஒப்புக்கொள்வதே இல்லை. க்ளூஸோவைக் கௌரவமான மனிதராக நடிக்க வேண்டும் என்பதுதான் செல்லர்ஸ் பிடித்துக்கொண்ட நூல். ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திக் கடந்த கேப்டன் வெப் படம் தீப்பெட்டியில் இருந்தது, அந்த மீசையும் வீறாப்பும் அங்கிருந்து வந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்னொரு சுவையான விஷயம்: கூன் ஷோவின் க்ரிட்பைப்-தைன் குரலே ஜார்ஜ் சாண்டர்ஸைப் பார்த்து எடுத்ததுதான். பல வருடம் யாருடைய குரலில் பேசினாரோ அவருக்கு எதிரே நின்று அவர் இங்கே நடிக்கிறார்.

இவ்வளவு சிரிக்க வைத்தும் இது முதலிடத்துக்கு வராது. க்ளூஸோ யாருடைய பேச்சையும் காதில் வாங்குவதில்லை; அதுவே அந்தப் பாத்திரத்தின் இலக்கணம். அதனால் கேட்கும் நடிப்புக்கு அங்கே இடமில்லை. 1975, 1976, 1978-இல் வந்த பின்னாளைய க்ளூஸோ படங்களில் உச்சரிப்பு பெரிதாகிக்கொண்டே போகிறது. பம்ப் ‘பியூம்ப்’ ஆகிறது, மங்கி ‘மிங்கி’ ஆகிறது. அவற்றில் ‘ஸ்ட்ரைக்ஸ் அகைன்’ (1976) பார்க்கலாம். விடுதியில் நாய் கடிக்கும் காட்சி அதில்தான். டப்பிங் பதிப்பில் மட்டும் பார்க்காதீர்கள். எல்லாரும் ஆங்கிலம் பேசும் பிரான்சில் இவர் ஒருவர் மட்டும் பிரெஞ்சு உச்சரிப்போடு பேசுவதுதான் நகைச்சுவை. டப்பிங்கில் அது அப்படியே கழன்று போய்விடுகிறது.

1964-ஐ ஒரு எல்லைக்கல்லாக வைத்துக்கொள்வது உதவும். அந்த ஏப்ரலில், பில்லி வைல்டரின் படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, சில மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து எட்டு மாரடைப்புகள் வந்தன. பிழைத்தார்; அந்த வேடம் வேறொருவருக்குப் போயிற்று. ஸ்ட்ரேஞ்ச்லவ்வும் எ ஷாட் இன் த டார்க்கும் அதற்கு முன்பு எடுத்து முடித்தவை. உடலில் அந்தத் துள்ளல் பின்னர் முழுதாகத் திரும்பவில்லை. படத் தேர்வும் குலைந்தது. 1967-இன் ‘கசினோ ராயல்’ படத்தில் ஆர்சன் வெல்ஸோடு ஒரே சட்டகத்தில் நிற்க மறுத்துப் பாதியில் வெளியேறினார். அந்தப் படத்தின் ஓட்டைகள் கண்ணுக்கே தெரியும்.

‘த பார்ட்டி’யைப் பற்றி இந்திய வாசகர்களிடம் பூசி மெழுக முடியாது. செல்லர்ஸ் முகத்துக்குப் பழுப்பு நிறம் பூசிக்கொண்டு ஹ்ருண்டி வி. பக்‌ஷி என்ற இந்திய நடிகனாக வருகிறார். அவன் பேசும் ஆங்கிலம் இந்தியாவில் எந்த ஊருடையதும் இல்லை. வெள்ளைக்காரர்கள் காதில் ‘இந்தியா’ என்று ஒலிக்கும் ஏதோ ஒன்று. ‘த மில்லியனெரஸ்’ (1960) படத்தில் டாக்டர் கபீராக அவர் முன்பே கண்டுபிடித்த ஒலி அது. சோஃபியா லோரனோடு பாடிய ‘குட்னஸ் க்ரேஷியஸ் மீ’ பாட்டு பிரிட்டனில் நான்காம் இடம் வரை போனது. அங்கே வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்யப் பயன்பட்ட தொனியும் இதுவே. பின்னாளில் பிரிட்டிஷ் ஆசியக் கலைஞர்கள் தங்கள் பி.பி.சி. நகைச்சுவைத் தொடருக்கு அதே பாட்டின் பெயரை வைத்துப் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். சத்யஜித் ராய் எடுப்பதாக இருந்த ‘த ஏலியன்’ படத்திலும் செல்லர்ஸ் மார்வாடி வியாபாரியாக நடிக்கப் பேச்சு நடந்தது, படம் கைவிடப்பட்டது.

படமாக்கிய முறையில் ‘த பார்ட்டி’ ஒரு துணிச்சலான சோதனை. திரைக்கதை வழக்கமான அளவில் பாதிதான். மீதியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே காட்சி காட்சியாகக் கட்டினார்கள். எடுத்ததை உடனே வீடியோவில் போட்டுப் பார்த்து அடுத்த காட்சியை முடிவு செய்தார்கள். அந்த நாளில் அது புதுசு. ஓடும் நீர்ப்பாதையில் பக்‌ஷி தொலைக்கும் ஒற்றைக் காலணியை அவன் துரத்தும் பகுதி கிட்டத்தட்ட ஊமைப்படம். விருந்தில் யாரையும் புண்படுத்தாத ஒரே ஆள் பக்‌ஷிதான் என்பதையும் மறுக்க முடியாது. இருந்தாலும் பூசிய முகத்தைக் கடந்து பார்க்க வேண்டிய சுமையைப் பார்வையாளர் மேல் ஏற்றும் படத்தை யாருக்கும் முதல் படமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐந்தில் கடைசி இடம்.

‘பீயிங் தேர்’. ஹால் ஆஷ்பி இயக்கியது, சுமார் 130 நிமிடம். யெர்ஸி கொசின்ஸ்கியின் நாவலைப் படித்த செல்லர்ஸ், தோட்டத்திலும் அதற்கு வெளியிலும் நான் கிடைப்பேன் என்று நாயகனின் பெயரில் அவருக்குத் தந்தி அடித்தார். பல வருடம் விடாமல் துரத்தித்தான் இந்த வேடத்தை அடைந்தார். சான்ஸ் ஒரு தோட்டக்காரன். வாழ்நாள் முழுவதும் ஒரே வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவன். முதலாளி இறந்ததும் தெருவுக்கு வருகிறான். வேர் அறுபடாதவரை எல்லாம் நலம் என்று தோட்டத்தைப் பற்றி அவன் சொல்வதை ஜனாதிபதி பொருளாதார ஆலோசனையாக எடுத்துக்கொள்கிறார். குரலுக்கு ஸ்டான் லாரலை மனதில் வைத்து, டேப் ரெக்கார்டரில் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்து, எந்த ஊரையும் வகுப்பையும் சொல்லாத ஒரு சமதளமான ஒலியைக் கண்டுபிடித்தார். உச்சரிப்பால் ஊரையே காட்டும் ஆள், ஊரே தெரியாத குரலைத் தேடியிருக்கிறார்.

படம் முழுக்க சான்ஸ் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறான். அப்படியானால் என் அளவுகோல்படி இது முதலில் அல்லவா வரவேண்டும்? ரசிகர்களில் பெரிய கூட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சான்ஸ் கேட்பது அவனுக்குள் எதையும் மாற்றுவதில்லை. அந்த மாற்றமின்மையைக் குலையாமல் காப்பது அபூர்வமான கட்டுப்பாடு. மேண்ட்ரேக்கோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளே மாறிக்கொண்டே, வெளியே அதை மறைக்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டாவது கடினமானது. தவிர, சான்ஸின் வெறுமையை மற்றவர்கள் நிரப்புகிறார்கள். மெல்வின் டக்ளஸ் துணை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கியது சும்மா இல்லை. டக்ளஸின் பாத்திரம் இறக்கும் காட்சியில் மட்டும் சான்ஸின் கண் கலங்குகிறது. அந்த இடத்தில் செல்லர்ஸ் தொடுவதை மறக்க முடியாது. கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கரில் டஸ்டின் ஹாஃப்மனிடம் தோற்றார். ‘இதுதான் கடைசிப் படம்’ என்று பலர் உருகுவார்கள். கடைசிப் படம் 1980-இல் வந்த ஃபூ மான்சூ பற்றிய ஒன்று, அதைத் தவிர்க்கலாம்.

ஆக, தேர்வு இப்படி. ஒரே ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’; 95 நிமிடம் போதும், மேண்ட்ரேக் மேல் கண் இருக்கட்டும். குடும்பத்தோடு, பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்றால் ‘எ ஷாட் இன் த டார்க்’. நிர்வாண முகாம் காட்சி ஒன்று உண்டு, எல்லாம் மறைத்தபடிதான் வரும், இருந்தாலும் தெரிந்துகொண்டு போடுங்கள். நடிப்பைப் படிக்க விரும்புகிறவர் மூன்று மாலை ஒதுக்கட்டும்: கைட், அடுத்து ஸ்ட்ரேஞ்ச்லவ், கடைசியாக ‘பீயிங் தேர்’. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். அத்தனை குரல்களையும் கேட்ட பிறகுதான் சான்ஸின் குரலற்ற குரல் எவ்வளவு பெரிய துறவு என்று புரியும். இடையே பயணத்தில் ஒரு கூன் ஷோ பகுதியைக் காதில் போட்டுக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடம் தலையும் காலும் புரியாது, நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீவ் மார்ட்டின் நடித்த 2006-இன் ‘பிங்க் பேந்தர்’ வேறு. 1982-இன் ‘ட்ரெயில் ஆஃப் த பிங்க் பேந்தர்’ செல்லர்ஸ் இறந்தபின் வெட்டிப்போட்ட துண்டுகளை ஒட்டிச் செய்தது. அதன்மேல் அவருடைய மனைவி வழக்குப் போட்டு இழப்பீடு பெற்றார்.

மூன்றாம் மாலைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ‘பீயிங் தேர்’ படத்தின் சில பிரதிகளில், முடிவில் பெயர்கள் ஓடும்போது, ஒரு வசனத்தைச் சொல்ல முடியாமல் செல்லர்ஸ் சிரித்துச் சிரித்துத் தடுமாறும் வெட்டுக்காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டிய மாயத்தை அது உடைக்கிறது என்று செல்லர்ஸ் கொதித்துப்போனார். அவர் பக்கம்தான் நியாயம். சான்ஸ் ஏரித் தண்ணீர் மேல் நடந்து போகிறான், நின்று, குடையை உள்ளே விட்டு ஆழம் பார்க்கிறான், மறுபடி நடக்கிறான். பெயர்கள் வரத் தொடங்கியதும் அணைத்துவிடுங்கள்.